பிஸ்கட் டப்பாவில் கத்திகள்

இந்தத் திருகு இன்றைக்கென்று பார்த்து அடம்பிடிக்கிறது. பிடிக்கட்டும். எனக்கு ஒன்றும் அவசரமில்லை. அவசரமெல்லாம் படுக்கையறையில் திசைகாட்டியை வைத்துக்கொண்டு சுவரைத் தட்டிக்கொண்டிருக்கிற இரண்டு பேருக்குத்தான். ஒருத்தர் என் வீட்டுக்காரரின் அண்ணன் குற்றாலலிங்கம், எனக்கு அத்தான். இன்னொருத்தர் அவர் கூட்டிவந்திருக்கிற வாஸ்துக்காரர். பெயர் சொன்னார், நான் காதில் வாங்கவில்லை. வந்ததும் காப்பி கொடுத்தேன், இரண்டு பேரும் குடித்தார்கள், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து சாப்பாட்டு மேசையில் பழைய பேப்பரை விரித்து இந்தக் கத்தியைக் கழற்றிப் போட்டுவிட்டேன். இப்பவா, என்று இவர் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வேறென்ன செய்வேன் என்று திருப்பிக் கேட்டேன். உடனே சிவசைலம் என்ற என் வீட்டுக்காரர் சோபாவில் பேப்பருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார், வெகுநேரமாக ஒரே பக்கத்தைப் படிக்கிறார். எல்லாம் பேசி முடிவாகிவிட்டது. வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்ததும் என் மடக்குக்கத்திகள் அத்தனையும், அதோ நாற்காலியில் மாட்டியிருக்கிறதே அந்தச் சணல் பை, அதற்குள் போய், அத்தானுடைய காரில் ஏறி, எங்கள் மாடன் கோயிலுக்குப் போய், சாமி காலடியில் விழுந்துவிட வேண்டும். அண்ணன் சொன்னார், தம்பி தலையாட்டினார். நான் ஆட்டவில்லை. யாரும் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை. மாடனை நினைத்தால்தான் சிரிப்பு வருகிறது. ஆள் உயர அரிவாளோடு நிற்கிற சாமி அது. ஒரு குட்டிக் கத்தரி, ஒரு பல்குத்தி, ஒரு டப்பா திறப்பான் எல்லாம் மடங்கிக் கிடக்கிற என் சிவப்புக் கத்தியை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார், உட்கார்ந்து நகம் வெட்டுவாரா? பேப்பர் லேசாக ஆடுகிறது. நான் சிரித்தது கேட்டிருக்கும். கேட்கட்டும்.

கால் சுற்று கூடினால் பிளேடு திறக்காது, கால் சுற்று குறைந்தால் லொடலொடவென்று ஆடும். நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தைக் கண்ணால் பார்க்க முடியாது, விரல்தான் சொல்ல வேண்டும், விரல் இன்றைக்கு ஏனோ பேச மாட்டேன் என்கிறது, வேர்வையாக இருக்கலாம், முந்தானையில் துடைத்துக்கொள்கிறேன். இந்தக் கத்தியின் பிடி முதலில் மட்டமான பிளாஸ்டிக். அதைப் பிய்த்து எறிந்துவிட்டு எங்கள் தபாலாபீசில் ஒரு காலத்தில் கோடு போட வைத்திருந்த கருங்காலி உருளைத்தடியை நெடுக்கே அறுத்து, அரம் போட்டு, உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து இரண்டு பக்கமும் பொருத்தியிருக்கிறேன். கம்ப்யூட்டர் வந்தபிறகு அந்தத் தடி அலமாரிக்கு அடியில் கிடந்தது, போஸ்ட்மாஸ்டரிடம் கேட்டுத்தான் எடுத்துவந்தேன், எதற்கு என்றார், கத்திக்கு என்றேன், ஏதோ சமையல் விஷயம் என்று நினைத்துத் தலையாட்டினார். உள்ளே பித்தளை வாஷரைக் கண்ணாடிமேல் வைத்து மினுமினுவென்று தேய்த்தது நான். சும்மா மணிக்கட்டை அசைத்தால் பிளேடு தானாக விழுந்து சடக்கென்று பூட்டிக்கொள்ளும். திருகு கழன்று வராமலிருக்க மரையில் ஒரு சொட்டு நகப்பூச்சு. அதற்காக ஒரு நகப்பூச்சு வாங்கிவந்த அன்று என் மகள் கோமு ஆச்சரியப்பட்டுப் போனாள், அம்மா நீயா என்றாள், திருகுக்குடி என்றதும் தலையில் அடித்துக்கொண்டாள். சிவப்புக் கத்தியில் பாட்டில் மூடியைத் திருகி இழுக்கிற சுருள் கம்பி ஒன்று இருந்தது, இந்த வீட்டில் யார் ஒயின் குடிக்கிறார்கள், அதைக் கழற்றிவிட்டு மூக்குக்கண்ணாடித் திருகு முடுக்குகிற ஊசி ஒன்றைச் செய்து அங்கே வைத்தேன். இடுக்கி மடங்கி உள்ளே போகிற மல்டிடூல் மூன்று இருக்கிறது. இவருடைய பழைய தோல் பெல்ட்டில் தேய்த்துத்தான் எல்லாவற்றுக்கும் கடைசிக் கூர். காலையில் குளித்துச் சேலை கட்டியதும் கத்திகள் கிடக்கிற பிஸ்கட் டப்பாவைத் திறந்து பார்ப்பேன், இன்றைக்கு எது என்று விரல் தேடும், பாவாடை இடுப்பில் நானே தைத்துவைத்த பைக்குள் ஒன்று போகும், அந்தக் கனம் இடுப்பில் உட்கார்ந்தபிறகுதான் எனக்கு நாள் தொடங்கும். எதற்கு என்று கேட்டால் எதற்கென்று சொல்வேன்? பார்சல் கவுண்டரில் இத்தனை வருஷம் சணல் அறுத்திருக்கிறேன், அதற்கு ஆபீஸ் கத்தரியே போதும். கொய்யாப்பழத்துக்குப் பல் போதும். தேவைக்காக இல்லை. பிடித்திருக்கிறது. அவ்வளவுதான். அந்தச் சின்னச் சொல்லைத்தான் யாராலும் விழுங்க முடியவில்லை. யாருக்குப் பயந்து வைத்திருக்கிறாய் என்று எல்லோரும் கேட்டாயிற்று. பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரி கேட்டாள். என் தம்பி கேட்டான். ஆபீசுக்குப் புதிதாக வந்த அதிகாரியம்மா கேட்கக்கூட இல்லை, எல்லாப் பெண்களும் உங்களை மாதிரி தைரியமாக இருக்க வேண்டும் என்று கையைப் பிடித்துக் குலுக்கினாள், எனக்கு எரிச்சல்தான் வந்தது. அந்தப் பெண் நல்லவள், ஆனாலும் என்னைப் பயந்தவளாக்கிவிட்டுத்தானே தைரியசாலி ஆக்கினாள். வாட்ஸப்பில் கத்தி சேர்க்கிறவர்கள் குழு ஒன்று இருக்கிறது, அங்கே நான் சண்பகம் சார், கூரின் கோணம் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள், யாருக்குப் பயந்து என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. சார் என்று நினைக்கிற வரைக்கும் கேட்க மாட்டார்கள். ஆம்பளை வைத்திருந்தால் ஆசை, பொம்பளை வைத்திருந்தால் பயம். நான் போட்ட போட்டோவில் ஒருமுறை வளையல் தெரிந்துவிட்டது, அரைநாள் குழுவே கப்சிப்.

இப்போது அடுக்களைக்குப் போயிருக்கிறார்கள். அரிவாள்மணை இருக்கட்டும், தேங்காய் வெட்டுகிற அரிவாள் இருக்கட்டும், அதெல்லாம் அடுக்களைச் சாமான், திறந்து கிடக்கிற இரும்பு பாதகமில்லை, மடங்கிக் கிடக்கிற இரும்புதான் வீட்டுக்கு ஆகாது என்று வாஸ்துக்காரர் சொல்வது இங்கே வரைக்கும் கேட்கிறது. அந்த அரிவாள்மணையில் ஓர் ஆட்டுத்தலையை இரண்டாக்கலாம். அது லட்சுமி. பென்சில் சீவுகிற என் பேனாக்கத்தி மூதேவி. காரணம் கேட்டால் சாஸ்திரம் என்பார், அது எந்தச் சாஸ்திரம் என்று கேட்டால் அத்தான் முகம் சிவந்துவிடும். அத்தான் கெட்ட மனிதர் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும், இந்த வீட்டுக்காக ஓடியாடி அலைந்தவர், கோமுவுக்கு அவர் கொண்டுவந்த வரன்கள்தான் பாதி. அவர் கொண்டுவந்ததுதான் போன மாதம் வந்துபோன அந்த வரனும். பையன், அம்மா, அப்பா, ஒரு பெரியம்மா. நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வாங்கிவந்த ஸ்வீட் பெட்டியில் நைலான் நூலைச் சுற்றோ சுற்றென்று சுற்றிக் கட்டியிருந்தான் கடைக்காரன், பையனின் அம்மா நகத்தால் முடிச்சைப் பிரித்துக்கொண்டிருந்தாள், பிரியவில்லை, நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன், முடிச்சைப் பார்த்தால் என் கை கேட்காது, அது என் கை செய்த காரியம், எனக்குத் தெரிவதற்கு முன்னால் இடுப்பிலிருந்து கத்தி வந்து மணிக்கட்டு அசைந்து சடக்கென்று பிளேடு விழுந்து பூட்டி அந்த அம்மாளின் விரலுக்கு நேரே நூலை அறுத்துவிட்டது. ஒரு நொடி. கூடம் முழுக்க அந்தச் சத்தம். சமையல் கத்தியாக இருந்தால் பரவாயில்லை, நடந்துபோய் எடுத்துவந்திருப்பேன், எல்லோரும் பார்த்திருப்பார்கள். வாஷரை நான் அவ்வளவு நன்றாகத் தேய்க்காமலிருந்தாலும் பரவாயில்லை, இரண்டு கையால் பிரித்துத் திறந்திருப்பேன், ஏதோ பேனாக்கத்தி என்று விட்டிருப்பார்கள். அந்த அம்மாள் கையை மடியில் இழுத்துக்கொண்டாள். பையனின் அப்பா தொண்டையைக் கனைத்தார். பெட்டியைத் திறந்து அல்வாவை நானே எல்லோருக்கும் எடுத்துக்கொடுத்தேன், பெரியம்மா மட்டும் சாப்பிட்டாள். நாலு நாள் கழித்து ஜாதகம் பொருந்தவில்லை என்று தகவல். வருவதற்கு முன்னால் பொருந்தியிருந்த ஜாதகம். நான் தப்புச் செய்ததாக இந்த நிமிஷம் வரைக்கும் நினைக்கவில்லை. நூல் அறுக்க வேண்டியிருந்தது, அறுத்தேன், அந்த அம்மாளின் நகம் பிழைத்தது. ஆனால் அத்தான் அன்றைக்கே கணக்குப் போட்டுவிட்டார், அதற்கு முன்னால் தட்டிப்போன வரன்களையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார், அந்த வரன்கள் என் கத்தியைக் கண்ணாலும் பார்த்ததில்லை.

இந்தா, விரல் பேச ஆரம்பித்துவிட்டது. இன்னும் கொஞ்சம். இன்னும் ஒரு மயிரிழை. இல்லை, கூடிப்போயிற்று, திரும்பவும் தளர்த்த வேண்டும். மனசு இங்கே இல்லை. மனசு நேற்றுச் சாயங்காலம் கோமு பெங்களூரிலிருந்து போனில் பேசிய பேச்சில் மாட்டிக்கொண்டு கிடக்கிறது. பெரியப்பா சொல்றதக் கேட்டுத் தொலையேம்மா என்றாள். நான் நம்பல, ஆனா இதோட பேச்சு நிக்கும்ல என்றாள். நான் நம்பல, ஆனா. அந்த ஆனா. நம்பாதவளுக்கு எதற்கு ஒரு ஆனா? படித்தவள், பாலம் கட்டுகிற கம்பெனியில் இருக்கிறாள், எந்த இரும்பு எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போட்டுச் சம்பளம் வாங்குகிறாள், மடங்கின இரும்பு வரனைத் தடுக்காது என்று என்னைவிட அவளுக்குத் தெரியும். பிறகு ஏன்? அலுப்பாக இருக்கலாம். வாரம் ஒருதரம் பெரியப்பாவின் போன், வருகிறவர் போகிறவர் கேள்வி, அலுக்காமல் என்ன செய்யும். இல்லையென்றால் அந்தப் பையனை அவளுக்குப் பிடித்திருந்திருக்கும். இதோ வந்துவிட்டேன், எங்கே சுற்றினாலும் இங்கேதான் வந்து முட்டுகிறேன். பிடித்திருந்ததா என்று நேற்றே கேட்டேன். சேச்சே, இல்லம்மா என்றாள். சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பேச்சில்லாமல் இருந்தாள். சிக்னல் இல்லாமல் இருந்திருக்கலாம். அந்தப் பையன் அன்றைக்குக் கத்தியைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை, இப்போது நினைத்தால் ஞாபகம் வருகிறது, எட்டிப் பார்த்தான், கையில் வாங்கிப் பார்க்க ஆசைப்பட்ட மாதிரிகூட இருந்தது, அவன் அம்மா பார்த்ததும் பின்னால் சாய்ந்துகொண்டான். அப்படியென்றால் என் பெண்ணுக்கு நல்லது ஒன்று வாசல் வரை வந்து என் மணிக்கட்டால் திரும்பிப் போயிற்றா? எனக்குப் பயமாக இருக்கிறது. யாருக்குப் பயம் என்று கேட்டீர்களே எல்லோரும், இதோ இதற்குத்தான், இதற்குக் கத்தி உதவாது. கொடுத்துவிட்டால் என்ன? நிஜமாகவே கேட்கிறேன், கொடுத்துவிட்டால் என்ன, இரும்புதானே, அந்த டப்பாவைத் தூக்கிப் பைக்குள் கவிழ்த்துவிட்டால் நாளைக்கே ஒரு வரன் வரலாம், வந்தால் மாடன் புண்ணியம். சரி, வருகிறது என்றே வைத்துக்கொள். அன்றைக்கும் ஒரு பெட்டி வரும், அதிலும் முடிச்சு இருக்கும், நான் கையை மடியில் போட்டுக்கொண்டு சிரித்த முகமாக உட்கார்ந்திருப்பேன். அவர்களுக்கு அது பிடிக்கும். என்னைப் பார்த்து, பெண்ணும் இப்படித்தான் இருப்பாள் என்று நினைத்துக் கூட்டிக்கொண்டு போவார்கள். போன இடத்தில் அவளும் கையை மடியில் போட்டுக்கொண்டு உட்காருவாள், இன்றைக்குக் கத்தி, நாளைக்கு அவளுடைய வேலை, அதற்கடுத்து வேறொன்று, ஒவ்வொரு தடவையும் நான் நம்பல ஆனா, நான் நம்பல ஆனா. வேண்டாம். அந்த ஆனாவை என் பெண்ணுக்கு நான் சீதனமாகக் கொடுத்தனுப்ப மாட்டேன். அவள் என்மேல் கோபப்பட்டாலும் சரி. கோபப்படுவாள். பட்டுக்கொள்ளட்டும். அந்தப் பையனைப் பிடித்திருந்தால் அவளே போன் செய்து பேசட்டும், நம்பர் அவளிடம் இருக்கிறது, அதற்கு எந்த வாஸ்துவும் வேண்டாம்.

பிடித்துவிட்டேன், இதுதான் அந்த இடம். அசைக்கிறேன், விழுகிறது, பூட்டுகிறது, ஆட்டமே இல்லை. அந்தச் சத்தத்துக்கு அடுக்களையில் பேச்சு நிற்கிறது. இரண்டு பேரும் கூடத்துக்கு வருகிறார்கள். வாஸ்துக்காரர் எனக்கு வணக்கம் சொல்லுகிற மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்து, ஈசானியம் நன்றாக இருக்கிறது, தண்ணீர்த் தொட்டி நன்றாக இருக்கிறது, இந்த ஒரு குறைதான் என்கிறார், ஏதோ வீட்டில் பல்லி இருக்கிறது என்கிற மாதிரி. அத்தான் சணல் பையை எடுத்து வாயை விரித்துப் பிடிக்கிறார். டப்பா மேசைமேல்தான் இருந்தது, நான் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். எதற்கு அப்படிச் செய்தேன் என்று தெரியாது, அவர் கை எட்டுகிற தூரத்தில் இருந்தது, அவ்வளவுதான். தம்பி பெண்டாட்டி மடியில் இருப்பதை எடுக்க எந்த அத்தானும் கை நீட்ட முடியாது. வீட்டுக்குள் கொண்டுவந்தவர்கள் கையாலேயே வெளியே போவதுதான் உத்தமம், அம்மாவே எடுத்துக் கொடுக்கட்டும் என்று வாஸ்துக்காரரும் சொல்லிவிட்டார்.

"குடும்மா, நேரமாவுது," என்றார் அத்தான்.

கருங்காலிப் பிடி போட்ட கத்தியை மடக்கி அவருக்கு நேரே நீட்டினேன். சத்தியமாக வேறெதுவும் மனசில் இல்லை, கேட்டார், முதலில் ஒன்றை நீட்டிப் பார்ப்போம், நெஞ்சு என்ன சொல்கிறது என்று தெரியட்டும் என்றுதான் நீட்டினேன். அவரும் வாங்கத்தான் கையைக் கொண்டுவந்தார். பாதி வழியில் சூடு பட்ட மாதிரி அந்தக் கை நின்றது.

"கீழ வையும்மா. கத்திய கையில வாங்கக்கூடாதுல்லா."

ஆமாம், கூடாது. கத்தியைக் கைக்குக் கை கொடுத்து வாங்கினால் அந்த இரண்டு பேருக்கும் உறவு அறுந்துபோகும். எத்தனை வருஷம், இந்த வீட்டு அடுக்களையில் எத்தனை தடவை, அரிவாளைத் தரையில் வைத்து, இன்னொருத்தி தரையிலிருந்து எடுத்து, ஒருநாளாவது அதை யோசித்திருப்பேனா. நான் அந்தப் பேச்சை நம்புகிறேனா என்று கேட்டால், இல்லை. ஆனால் அவர் நம்புகிறார். என் கைக்கும் அவர் கைக்கும் நடுவில் ஒரு சாண் தூரம் இருந்தது, அந்த ஒரு சாணை அவரால் தாண்ட முடியவில்லை. அதைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது.

"கீழ வைக்க மாட்டேன் அத்தான். குடுக்கச் சொன்னீங்க, குடுக்கேன். வாங்கிக்கோங்க."

அப்படியானால் பையில் போடு என்றார். பையிலும் போட மாட்டேன் என்றேன். வேண்டும் என்று கேட்கிற கை வாங்கிக்கொள்ளட்டும், நான் மறுக்கவில்லை, ஒவ்வொன்றாக எடுத்துத் தருகிறேன், எல்லாம் உங்களுக்குத்தான் என்றேன். அத்தான் வாஸ்துக்காரரைப் பார்த்தார். வாஸ்துக்காரர் திசைகாட்டியைப் பார்த்தார், அதில் வடக்கைத் தவிர வேறெதுவும் இருந்திருக்காது. அப்புறம் அத்தான் சோபா பக்கம் திரும்பினார்.

"ஏல சைலம், ஒம் பொஞ்சாதிதான. நீ வாங்கு."

பேப்பர் இறங்கியது. இவர் எழுந்துவந்தார். நான் கத்தியை அவர் பக்கம் திருப்பினேன். அத்தான் வாங்கியிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். இந்த மனிதர் வாங்கிவிட்டால் என்ன செய்வேன் என்று அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரியவில்லை. எந்த நம்பிக்கையும் இல்லாத நானே பயந்தேன், இவர் வாங்கிவிட்டால் நிஜமாகவே அறுந்துபோகும் என்று பயந்தேன். இவர் கை மேலே வந்தது. அண்ணன் பேச்சைத் தட்டி அறியாத கை அது, சின்னவயதிலிருந்து அப்படியே பழகிய கை. கத்தியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். பிறகு அந்தக் கையைப் பின்னால் கொண்டுபோய் இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"என்னால முடியாதுண்ணே," என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை. அத்தான் இன்னும் பையை விரித்துப் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தார். வாஸ்துக்காரர் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். கருங்காலிக் கத்தியை இடுப்புப் பைக்குள் போட்டுக்கொண்டேன், டப்பாவில் இன்னும் நிறையக் கிடந்தது, அடுத்ததை எடுத்து அத்தானுக்கு நேரே நீட்டினேன்.